கைரோ என்றால் என்ன? ஒரு பழைய கேசட்டை வைத்து ஒரு விளக்கம்

"அண்ணா, இதுல கைரோ கீதா?"

வேலூரில் எந்த மொபைல் கடையில் கால் மணி நேரம் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவருக்குப் பதினேழு, பதினெட்டு வயதிருக்கும். துப்பாக்கி கேமில் விரலால் இழுக்காமல் போனை அசைத்தே குறி பார்க்க வேண்டும் என்பது அவர் தேவை. அதற்குப் போன் திரும்புவதை உணரும் கைரோ என்ற உணரி வேண்டும். கடைக்காரர் ஒரு கார் கேமைத் திறந்து போனை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்துக் காட்டுவார். கார் வளைந்து ஓடும். "கீதுப்பா. சாயுது பாரு. கைரோ இல்லாம எப்டி சாயும்?"

கைரோ இல்லாமலும் சாயும். வீட்டுக்குப் போய் துப்பாக்கி கேமைத் திறந்த பிறகுதான் அந்தப் பையனுக்கு அது தெரியும். கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. போன் சாய்வதை உணர்வதற்கும் திரும்புவதை உணர்வதற்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் அவருக்கே தெரிவதில்லை.

இந்த வித்தியாசத்தைப் பாடப் புத்தகத்தைவிடத் தெளிவாகக் காட்டுவது 2004-இல் வந்த ஒரு விளையாட்டுக் கேசட். பெயர் 'வாரியோவேர்: ட்விஸ்டட்'. ஜப்பானிய கேம் நிறுவனமான நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸுக்காகச் செய்தது. வாரியோவேர் தொடரின் இரண்டாம் பாகம். ஐந்து நொடிக் கேம்கள் இருநூறுக்கு மேல் அடங்கிய, கிறுக்குத்தனமான ஒரு தொகுப்பு. அது தன் முதல் பாகத்தைத் தாண்டியது எப்படி என்று புரிந்தால் கைரோ என்ன செய்யும், எங்கே சொதப்பும் என்பதும் கூடவே புரிந்துவிடும்.

1. மினிகேம் தொகுப்பு என்றால்

நம் ஊரில் பலருக்கும் கையில் பிடித்து ஆடிய முதல் கருவி "9999 கேம்". குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா போன்ற கூட்டங்களில் பொம்மைக் கடைகளில் தொங்குமே, கறுப்புக் கட்டங்கள் மேலிருந்து விழும் அந்த டப்பா. உள்ளே உண்மையில் இருந்தவை கைவிரலில் எண்ணிவிடக்கூடிய சில கேம்கள்தான். ஒவ்வொன்றையும் வேகம் வாரியாக, நிலை வாரியாகப் பிரித்துத் தனித்தனி எண் கொடுத்து 9999 ஆக்கியிருப்பார்கள். எண்ணைப் பார்த்து வாங்கிய எல்லோரும் மூன்றாம் நாளே கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மினிகேம் தொகுப்பு என்ற வகை மீதே ஒரு சந்தேகம் இருப்பதற்கு இதுதான் காரணம். எண்ணிக்கை ஏற ஏற சரக்கு குறைவு என்று மனசு சொல்கிறது. 2003-இல் வந்த முதல் வாரியோவேர் அந்தச் சந்தேகத்தைத் தலைகீழாகப் பயன்படுத்திக்கொண்டது. 'சரக்கு குறைவுதான், அதனால் என்ன?' என்று கேட்பது போல ஒவ்வொரு கேமையும் ஐந்து நொடிக்குச் சுருக்கியது.

2. முதல் பாகம் என்ன செய்தது

வாரியோ, மரியோவின் எதிராளி. ஜப்பானிய மொழியில் 'வருயி' என்றால் கெட்ட என்று பொருள். அதையும் மரியோவையும் ஒட்டவைத்த பெயர். பேராசை பிடித்த ஆள். காசு பார்க்க கேம் கம்பெனி ஆரம்பித்து, நண்பர்களைப் பிடித்து அவசர அவசரமாகக் குட்டிக் கேம்கள் செய்ய வைக்கிறார் என்பது கதை. மட்டமான கேமுக்கு முன்கூட்டியே சாக்கு சொல்லிவிடும் கதை என்பதால் எனக்கு இது பிடிக்கும்.

ஆட்ட முறை இதுதான். திரையில் ஒரே சொல் தோன்றும்: 'தாண்டு', 'பிடி', 'தவிர்' என்பதுபோல. அடுத்த கணம் கேம் ஆரம்பம். என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வதும், சரியான பட்டனை அழுத்துவதும் ஐந்து நொடிக்குள் முடிய வேண்டும். விரலை மூக்குத் துவாரத்துக்குள் சரியாகச் செலுத்துவது அதில் ஒன்று. இந்தத் தொடரைப் பற்றிப் பேசும் யாரும் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடும். நான்கு முறை தவறினால் ஆட்டம் முடிந்தது.

இந்த யோசனைக்கு விதை இன்னும் முந்தையது. நின்டெண்டோ 64-இன் வட்டு இணைப்புக் கருவிக்கு 2000-இல் வந்த 'மரியோ ஆர்ட்டிஸ்ட்: பாலிகன் ஸ்டுடியோ' என்ற வரைகலை மென்பொருளில் ஓரமாக ஒளிந்திருந்த 'சவுண்ட் பாம்பர்' என்ற பகுதியிலிருந்து வளர்ந்ததுதான் வாரியோவேர். செய்தது நின்டெண்டோவின் முதல் ஆராய்ச்சி வளர்ச்சிப் பிரிவு. 1980-இல் 'கேம் அண்ட் வாட்ச்' என்ற சட்டைப்பைக் கருவியைத் தந்த குன்பெய் யோகோயின் பிரிவு அது. பழகி, விலை இறங்கிய தொழில்நுட்பத்தை எடுத்துப் புதுக் கோணத்தில் பயன்படுத்து என்பது யோகோயின் கொள்கை. இரண்டாம் பாகத்தில் அந்தக் கொள்கை அப்படியே தெரியும்.

முதல் பாகம் கேம்களைப் பொருள் வாரியாகப் பிரித்திருந்தது: ஜிம்மி என்ற நடனக்காரரிடம் விளையாட்டுப் போட்டிகள், கேட், ஆனா என்ற குட்டி நிஞ்ஜாக்களிடம் இயற்கை, 9-வோல்ட் என்ற சிறுவனிடம் பழைய நின்டெண்டோ கேம்கள் என்று. படம் மாறும், ஆனால் கைக்கு வேலை மாறாது. திசைக் கட்டையும் ஏ பட்டனும்தான். இருநூறு கேம்களை முடித்த பிறகு கண் இருநூறைப் பார்த்திருக்கும், கை நாலைந்துதான் செய்திருக்கும். 9999 டப்பாவின் நோய் இதிலும் லேசாக இருந்தது.

அதே ஆண்டில் இதே கேம்களை டிவியில் மாட்டி ஆடும் கேம்கியூப் கருவிக்குக் கொண்டுபோய், பலர் சேர்ந்து ஆடும் வகையில் ஒரு பதிப்பும் போட்டார்கள். பெரிய திரை, அதே கேம்கள். மேம்பாடு என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

3. சாய்வு வேறு, சுழற்சி வேறு

இப்போது கடைக்காரரின் கார் கேமுக்கு வருவோம்.

கார் கேமுக்குப் போதுமானது முடுக்கமானி. போன் விவரத்தில் 'ஆக்சிலரோமீட்டர்' என்று போட்டிருப்பார்கள். கொத்தனார் சுவர் கட்டும்போது தொங்கவிடும் தூக்குக் குண்டை நினைத்துக்கொள்ளுங்கள். போனை அசைக்காமல் பிடித்திருக்கும்போது புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை அந்தக் குண்டு காட்டும். போனை ஸ்டீயரிங் போல நிறுத்திப் பிடித்துத் திருப்பினால் கீழ்ப்பக்கம் எது என்பது மாறுகிறது, குண்டு நகர்கிறது, கார் வளைகிறது.

கைரோ வேறு கேள்வி கேட்கிறது. கீழ்ப்பக்கம் எது என்பது அதற்குத் தெரியாது. இந்த நொடியில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்பது மட்டுமே தெரியும். கண்ணை இறுகக் கட்டிக்கொண்டு குடை ராட்டினத்தில் உட்கார்ந்தால் சுற்றுகிற வேகம் உடம்புக்குத் தெரிகிறது அல்லவா, அதேதான். நம் உள்காதில் திரவம் நிரம்பிய மூன்று வளைகுழாய்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

இரண்டையும் பிரித்தறிய கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம்:

1. போனை மேஜைமேல் மல்லாக்க வையுங்கள்.
2. தூக்காமல், தட்டைத் திருப்புவது போல மேஜையிலேயே திருப்புங்கள்.
3. கீழ்ப்பக்கம் மாறவே இல்லை. அதனால் முடுக்கமானிக்கு ஒன்றுமே நடக்கவில்லை; கார் நேராகப் போகும்.
4. துப்பாக்கி கேமில் கைரோவை ஆன் செய்து இதையே செய்யுங்கள். உண்மையான கைரோ இருந்தால் பார்வை வழுவழுவென்று கூடவே திரும்பும்.
5. பார்வை திக்கித் திக்கித் திரும்பினால், அல்லது இரும்பு மேஜை, ஸ்பீக்கர் பக்கத்தில் தாறுமாறாக ஓடினால், அது 'வர்ச்சுவல் கைரோ'வாக இருக்கலாம். திசைகாட்டியையும் முடுக்கமானியையும் வைத்து மென்பொருள் போடும் உத்தேசக் கணக்கு அது. காந்தம் பக்கத்தில் வந்தால் குழம்பிவிடும்.

கையடக்க கேம்களிலும் முதலில் வந்தது தூக்குக் குண்டு வகைதான். 2000-இல் கேம் பாய் கலருக்கு வந்த 'கிர்பி டில்ட் அண்ட் டம்பிள்' கேசட்டுக்குள் முடுக்கமானி இருந்தது. கருவியைத் தட்டுபோலச் சமமாகப் பிடித்து, அதில் உருண்டையை உருட்டுவது போல ஆட வேண்டும். படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே பிடித்து ஆட வழியில்லை.

கருவியில் இல்லாத புலனைக் கேசட்டில் வைத்து விற்பது அந்தக் காலத்தின் அழகான கிறுக்கு. 2003-இல் வந்த 'பொக்டாய்' கேசட்டில் வெயிலை அளக்கும் உணரி இருந்தது. நிஜ வெயிலில் நின்று ஆடினால்தான் நாயகனின் சூரியத் துப்பாக்கிக்குத் தெம்பு வரும். அதைச் செய்தவர்கள் அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள் வேலூர் கோட்டை மைதானத்துக்கு வந்து நின்றிருக்க வேண்டும்.

4. ஐந்து நொடியின் ரகசியம்

ட்விஸ்டட் கேசட்டுக்குள் இருப்பது பீசோ வகைக் கைரோ, ஒன்றே ஒன்று. அதிரும் பீங்கான் துண்டு. சுற்றும் ராட்டினத்துக்குள் ஓர் ஊஞ்சல் கட்டி ஆட்டினால், நேராக ஆட வேண்டியது பக்கவாட்டில் விலகும். அந்தத் துண்டின் அதிர்வும் கருவி திரும்பும்போது அப்படித்தான் விலகுகிறது. அந்த விலகல் சின்னதொரு மின்னழுத்தமாக வெளிவருகிறது. வேகமாகத் திருப்பினால் அதிகம், மெதுவாகத் திருப்பினால் குறைவு.

சிக்கல் இதற்கப்புறம்தான். கேமுக்கு வேகம் போதாது. 'இப்போது எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது' என்ற கோணம் வேண்டும். வேகத்தை நொடிக்கு நொடி கூட்டிக்கொண்டே போனால் கோணம் வரும். பஸ் ஓடும் வேகத்தைக் கூட்டிக்கூட்டித் தூரம் கண்டுபிடிப்பது போல. கூட்டலில் ஒரு சின்னப் பிழை இருந்தால் அதுவும் சேர்ந்தே வளரும்.

எந்தக் கைரோவும் அசையாமல் இருக்கும்போது துல்லியமாகச் சுழியம் காட்டாது. வெப்பநிலை மாறினால் அந்தச் சுழியமும் நகரும். ஏசி அறையிலிருந்து மே மாத வெயிலுக்கு எடுத்துவந்தாலே மாறும். விளக்கத்துக்காக ஓர் எண் வைத்துக்கொள்வோம்: அசையாமல் இருக்கும்போதே நொடிக்கு 2 டிகிரி என்று தவறாகக் காட்டுகிறது.

- 5 நொடியில் சேரும் பிழை 10 டிகிரி. ஆடுபவருக்குத் தெரியவே தெரியாது.
- 1 நிமிடத்தில் 120 டிகிரி. நேராக நிற்க வேண்டிய பொம்மை சாய்ந்து கிடக்கும்.
- 3 நிமிடத்தில் 360 டிகிரி. கருவியைத் தொடாமலே உலகம் ஒரு சுற்று சுற்றிவிடும்.

போனில் இந்தப் பிழையை முடுக்கமானியும் திசைகாட்டியும் சேர்ந்து அவ்வப்போது திருத்துகின்றன. ட்விஸ்டட் கேசட்டில் திருத்த ஆளில்லை. ஆனால் அதன் கேம்கள் ஐந்து நொடியில் முடிந்துவிடுகின்றன! ஒவ்வொரு குட்டிக் கேமுக்கும் முன்னால் உணரி தன் சுழியத்தை மறுபடி சரிசெய்துகொள்கிறது. பிழை வளர்வதற்குள் கணக்கைக் கிழித்துவிட்டுப் புதுக்கணக்கு.

இந்தத் தொடரின் மொத்தத்திலும் எனக்கு வியப்பான இடம் இதுதான். ஐந்து நொடி என்ற அளவு முதல் பாகத்தில் வெறும் நகைச்சுவைக்காக வந்தது. இரண்டாம் பாகத்தில் அதே ஐந்து நொடி, தனியாக விட்டால் தடுமாறும் ஓர் உணரியை நம்பகமானதாக்கிவிட்டது. நீண்ட சாகச கேம் ஒன்றில் இதே உணரியை வைத்திருந்தால் ஆடுபவர் பாதி நேரம் கருவியை நேராக்கிக்கொண்டே இருந்திருப்பார்.

5. முதல் பாகத்தைத் தாண்டியது எங்கே

கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம். கேமில் தோற்ற ஆத்திரத்தில் வாரியோ தன் கேம் பாயைச் சுவரில் வீசி உடைக்கிறார். சரிசெய்ய டாக்டர் கிரைகோர் என்ற கிறுக்கு விஞ்ஞானியிடம் போகிறார். அவருடைய விசித்திர எந்திரத்திலிருந்து வெளியே வருவது, பட்டனே இல்லாத, திருப்பி மட்டுமே ஆடக்கூடிய கருவிகள். ஏன் திருப்ப வேண்டும் என்று விளக்கக் கையேடு சொல்ல வேண்டியதைக் கதையே சொல்லிவிடுகிறது.

அடுத்தது, பிரிக்கும் முறை மாறியது. முதல் பாகம் கண்ணுக்காகப் பிரித்தது என்றேன். இது கைக்காகப் பிரிக்கிறது. மோனா என்ற இன்னொரு பாத்திரத்தின் பகுதியில் லேசாகச் சாய்த்தால் போதும். ஜிம்மியின் பகுதியில் கருவியைச் சுழற்றித் தலைகீழாக்க வேண்டும். கேட், ஆனா பகுதிக்கு வந்தால் திருப்பவே கூடாது, ஏ பட்டன் மட்டும். அதுவரை திருப்பிப் பழகிய கை, 'சும்மா இரு' என்றால் இருக்காது. அதிலும் ஒரு கேலி இருக்கிறது. எல்லாம் கலந்து வரும் பகுதியில் ஒரு நொடிக்குள் 'என்ன செய்ய வேண்டும்' என்பதோடு 'எவ்வளவு திருப்ப வேண்டும்' என்பதையும் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. எண்ணிக்கை முதல் பாகத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். கைக்குக் கிடைத்த வேலையோ பல மடங்கு.

9-வோல்ட்டின் பகுதி முடிவில் பழைய 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' வருகிறது. நீளமாக ஓட வேண்டிய அந்த நிலத்தைச் சுருட்டி ஒரு உருண்டையாக்கி வைத்திருக்கிறார்கள். கருவியைத் திருப்பினால் உருண்டை திரும்புகிறது, மரியோ அதன்மேல் நடக்கிறார். ஓட்டுவது மரியோவையா உலகத்தையா என்று ஒரு கணம் புரியாது.

மூன்றாவது, கேசட்டுக்குள் இருக்கும் அதிர்வு மோட்டார். பட்டியலில் கருவியைத் திருப்பித் தேர்வுசெய்யும்போது ஒவ்வொரு படிக்கும் 'டக்' என்று உள்ளங்கையில் தட்டும். பழைய மின்விசிறி ரெகுலேட்டரைத் திருப்பும்போது ஒவ்வோர் எண்ணிலும் மாட்டி நிற்குமே, அந்த உணர்வு. காற்றில் திருப்பும் செயலுக்குப் பிடிமானம் தருவது இந்த 'டக்'தான். போனில் இந்த கேமை எப்படியாவது ஓட்டிப் பார்த்தவர்கள் 'என்னவோ குறைகிறது' என்பார்கள். குறைவது பெரும்பாலும் இதுதான்.

நூற்றுக்கு மேற்பட்ட சின்னச் சின்ன நினைவுப் பொருட்களும் பரிசாகக் கிடைக்கும். இசைத்தட்டைச் சுழற்றிக் கேட்பது மாதிரி, வெறுமனே திருப்பி மகிழ்வதற்கானவை பல. சில அலுப்பு. அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

குறைகளும் உண்டு. திரையே தலைகீழாகும்போது எழுத்தைப் படிக்க முடியாது. இயர்போன் ஒயர் கழுத்தைச் சுற்றும். மூன்று பேர் சீட்டில் நடுவில் மாட்டிக்கொண்டவர் ஜிம்மியின் பகுதியை ஆட ஆரம்பித்தால் இரு பக்கத்து விலாவுக்கும் உத்தரவாதமில்லை.

6. ஏலகிரி பஸ்ஸில் என்ன ஆகும்

பஸ்ஸில் ஆடினால் குறி தானாக நகர்கிறதே, போன் கெட்டுவிட்டதா என்று பலர் கேட்கிறார்கள். கெடவில்லை.

பொன்னேரியிலிருந்து ஏலகிரி ஏறும் மலைப்பாதையை எடுத்துக்கொள்வோம். 2019-இல் மாவட்டம் மூன்றானதும் திருப்பத்தூர்ப் பக்கம் போய்விட்ட மலை; பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இன்னும் நம்ம மலைதான். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள், வள்ளல்கள் பெயரோடு. ஒரு வளைவில் பஸ் ஏறத்தாழ அரைவட்டம் திரும்புகிறது. அதற்கு 15 நொடி ஆகிறது என்று வைத்தால், நொடிக்கு 12 டிகிரி.

- திரை வானத்தைப் பார்க்க, மடியில் மல்லாக்க வைத்து ஆடினால், திரையின் தளமும் பஸ் திரும்பும் தளமும் ஒன்றே. கைரோ பஸ்ஸின் திருப்பத்தையும் உங்கள் கையின் திருப்பமாகவே எண்ணிக்கொள்ளும். ஐந்து நொடியில் 60 டிகிரி போய்விடும்.
- முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடித்து ஆடினால், ட்விஸ்டட்டில் பாதிப்பு மிகக் குறைவு. அதன் ஒற்றைக் கைரோ திரையின் தளத்தில் நடக்கும் திருப்பத்தை மட்டும் அளக்கிறது. பஸ் திரும்புவது வேறு தளம். போனில் மூன்று திசைக்கும் கைரோ இருப்பதால் எப்படிப் பிடித்தாலும் பஸ்ஸின் திருப்பம் உள்ளே வந்துவிடும்.
- இன்னொரு வேடிக்கை: பஸ் வளைந்துகொண்டிருக்கும்போதே ட்விஸ்டட் தன் சுழியத்தைச் சரிசெய்துகொண்டால், அந்த வளைவையே 'அசையாத நிலை' என்று நம்பிவிடும். பஸ் நேரானதும் படம் எதிர்ப்பக்கம் ஓடும்.

7. எது முதலில், எதை வாங்குவது

பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் வரிசையில் குழப்பம் வருகிறது. ஜப்பான் வெளியீட்டுக் கணக்கில்:

1. முதல் வாரியோவேர்: 2003 மார்ச். கேம் பாய் அட்வான்ஸ். பட்டன்.
2. ட்விஸ்டட்: 2004 அக்டோபர். அதே கருவி. திருப்புதல்.
3. டச்டு: 2004 டிசம்பர். நின்டெண்டோ டிஎஸ். தொடுதிரை.

அமெரிக்காவில் மூன்றாவது 2005 பிப்ரவரியிலும் இரண்டாவது மே மாதத்திலுமாகத் தலைகீழாக வந்தன. அதனால் ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் சிலர் ட்விஸ்டட்டை டச்டுக்குப் பிந்தையது என்றே நினைக்கிறார்கள். ஐரோப்பாவில் ட்விஸ்டட் வெளியாகவே இல்லை. கேம் பாய் அட்வான்ஸில் நாட்டுப் பூட்டு கிடையாது. ஜப்பான் கேசட்டும் அமெரிக்கக் கேசட்டும் எந்தக் கருவியிலும் ஓடும்.

முதல் பாகத்தை ஆட இன்று பழைய கருவி வேண்டியதில்லை. 2023 பிப்ரவரியில் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியின் சந்தாச் சேவையில் சேர்ந்துவிட்டது. ட்விஸ்டட்டைப் பழைய கேசட்டாக வாங்குபவர்கள் மூன்றைப் பார்க்க வேண்டும். உண்மையான கேசட் சாதாரண கேம் பாய் அட்வான்ஸ் கேசட்டைவிடப் பெரியது. செருகிய பிறகும் ஒரு பகுதி வெளியே துருத்தி நிற்கும். சாதாரண அளவில் இருந்தால் உள்ளே மோட்டாருக்கும் உணரிக்கும் இடமே இருக்காது. அடுத்து, ஆன் செய்யும்போது கருவியை அசைக்காமல் வைத்திருங்கள்; சுழியம் சரிசெய்வது அப்போதுதான். பிறகு பட்டியலுக்குப் போய் மேஜைமேல் மல்லாக்க வைத்துத் திருப்புங்கள். படம் திரும்பி, கூடவே 'டக் டக்' என்று தட்டினால் சரியான கேசட். படம் அசையாமல் நின்றால், அல்லது திசைக் கட்டையை அழுத்தினால்தான் திரும்புமென்றால், காசைக் கொடுக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.